நீலப்பறவைக்குச் சிவப்புச் சட்டை

2013 ஏப்ரல். வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃப். அந்த ஊர் ஃபுட்பால் கிளப்பான கார்டிஃப் சிட்டி, 51 வருஷத்துக்கு அப்புறம் இங்கிலாந்து லீக்கின் மேல்தட்டுக்கு, பிரீமியர் லீகுக்கு, தகுதி பெறுது. மேட்ச் முடிஞ்சதும் கூட்டம் மைதானத்துக்குள்ள இறங்கிடுச்சு. ஆனா காத்திருந்த அந்த நாள்ல, பிளேயர்கள் போட்டிருந்த சட்டை சிவப்பு. ஸ்டாண்ட்ல பல பேர் கழுத்துல இருந்த ஸ்கார்ஃப் நீலம்.

இந்த முரண் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்க 1899க்குப் போகணும். பார்ட்லி வில்சன்னு ஒரு லித்தோகிராஃபர், கிரிக்கெட் டீம் பசங்க குளிர்காலத்துல கலைஞ்சு போகக் கூடாதுன்னு ரிவர்சைடுங்கிற பேர்ல இந்த கிளப்பை ஆரம்பிச்சார். அப்போ சட்டை சாக்லேட் பிரவுனும் ஆம்பரும். ஆமா, நீலமே கிடையாது! 1908ல கார்டிஃப் சிட்டின்னு பேர் மாறினப்பதான் நீலமும் வந்தது.

பறவை வந்தது நாடக மேடையிலிருந்து. பெல்ஜிய எழுத்தாளர் மேட்டர்லிங்க்கின் 'நீலப்பறவை' நாடகம் 1911ல கார்டிஃபில் நடந்தது. மகிழ்ச்சியின் பறவையைத் தேடிப் போகும் ரெண்டு குழந்தைகளோட கதை. அந்தச் சமயத்துலதான் நீலச் சட்டை டீமுக்கு 'புளூபேர்ட்ஸ்'ங்கிற பட்டப்பேர் ஒட்டிக்கிச்சு. 1927ல வெம்பிளியில் ஆர்செனலை 1-0ன்னு ஜெயிச்சு எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினதும் இந்த புளூபேர்ட்ஸ்தான். அந்தக் கோப்பை இங்கிலாந்தை விட்டு வெளியே போனது அந்த ஒரே தடவைதான். இன்னைக்கு கிளப்போட மஸ்காட்டும் நீலப்பறவை, பேர் பார்ட்லி.

2012ல மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் கையில் கிளப் இருந்தது. ஆசியாவில் சிவப்பு ராசியான நிறம், அங்கே வியாபாரமும் பெருகும்னு கணக்கு. விஷயம் முன்னாடியே கசிஞ்சு, எதிர்ப்பு கிளம்பி, கைவிட்டதாச் சொன்னாங்க. சில வாரத்துலயே அதே திட்டம் முதலீட்டு வாக்குறுதியோட திரும்ப வந்தது. சட்டை சிவப்பாச்சு. பேட்ஜ் நடுவுல பெரிய டிராகன், கீழே குட்டியா நீலப்பறவை.

சிக்கல் என்னன்னா, சிவப்பு டிராகன் வேல்ஸ் கொடியிலயே இருக்கு. அந்நியச் சின்னம்னு ஒதுக்க முடியாது. கடன்ல தத்தளிச்ச கிளப்புக்குப் பணமும் தேவை. அதனால ரசிகர்கள் ரெண்டாப் பிரிஞ்சாங்க. "கிளப் பிழைச்சாப் போதும்"னு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சீசன் டிக்கெட்டையே விட்டவங்க. கேலரியில், நாங்க என்னைக்கும் நீலம்தான்னு கோஷம் நிக்கவே இல்ல. ஜெயிக்கிற மேட்ச்லயும் கேட்டது.

நூறு வருஷ மரபுங்கிற வாதம் எனக்கு அவ்வளவு வலுவாத் தெரியல. நீலமே ரெண்டாவது நிறம்தானே. ஆனா புளூபேர்ட்ஸ்ங்கிறது ஊர் வாயில புழங்கி நிலைச்ச பேர். சிவப்பு, சம்மதம் கேட்காம மேலேர்ந்து வந்த உத்தரவு. கோபம் அங்கேதான் இருந்ததுன்னு நினைக்கிறேன்.

2014ல டீம் மறுபடி கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. ஸ்டேடியத்துல காலி இருக்கைகள். 2015 ஜனவரி 9 அன்னைக்கு நீலம் திரும்புதுன்னு டான் அறிவிச்சார். ஒற்றுமை பற்றித் தன் அம்மா பேசினதையும் காரணமாச் சொன்னார். மறுநாளே ஃபுல்ஹாமுக்கு எதிரா நீலத்துல ஆடி 1-0ன்னு ஜெயிச்சாங்க.

அப்புறம் புது பேட்ஜ் வந்தது. நடுவுல பெருசா நீலப்பறவை. அடியில குட்டியா ஒரு டிராகன், இந்தத் தடவை சீன டிராகன்.