லீவு முடிஞ்சதும் வாய்ப்பாடு மறந்துபோகுதா? கோடை விடுமுறையில் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பரண் மேல் ஏறும் புத்தகப் பை, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதுதான் கீழே இறங்கும். அதில் தப்பில்லை, பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டும்தான். ஆனால் மார்ச்சில் மளமளவென்று வகுத்தல் கணக்குப் போட்ட பிள்ளை, ஜூனில் மீதியை எங்கே எழுதுவது என்று முழிக்கிறதே, ஏன்?

எது முதலில் மறக்கும்?

எல்லாம் ஒரே மாதிரி மறப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவரது குழுவினரும் இதுபற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே விடும் நீண்ட கோடை லீவில், மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குவதாக அதில் தெரிந்தது. அதிகம் அடிவாங்கியது கணக்குப் போடுவதும், பிழையில்லாமல் எழுதுவதும்தான். வாசிப்பில் ஒரு வித்தியாசம் இருந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்கள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் சறுக்கினார்கள். வீட்டில் கதைப் புத்தகம் இருந்தால் பிள்ளை லீவிலும் அதைப் புரட்டும். வகுத்தல் கணக்கை யார் வீட்டிலும் சும்மா போட்டுப் பார்ப்பதில்லை.

இந்த இழப்பு உண்மையிலேயே இவ்வளவு பெரியதா என்று 2019-ல் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் கேள்வி எழுப்பினார். எந்தத் தேர்வை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது என்பது அவர் வாதம். அதனால் பதறிப்போய் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி சம்மர் கேம்ப்பில் சேர்க்க வேண்டிய அவசியமில்லை.

நம் நாட்டில்?

கொரோனாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 5 மாநிலங்களில் 2 முதல் 6-ம் வகுப்பு வரை 16,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆய்வு செய்தது. முந்தைய ஆண்டு தெரிந்திருந்த மொழித் திறனில் குறைந்தது ஒன்றையாவது 92 சதவீதம் பேர் இழந்திருந்தார்கள். கணிதத்தில் இது 82 சதவீதம். அந்த 5 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் இங்கும் அதே கவலையில்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. கோடை லீவை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் கை பழக்கம் விட்டால் என்ன ஆகும் என்பது புரியும்.

என்ன செய்யலாம்?

தினமும் அரை மணி நேரம் போதும். காலையில், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

பலர் செய்யும் தவறு, அடுத்த வகுப்புப் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி முதல் பாடத்தை ஆரம்பிப்பது. அதைவிட, முடித்த வகுப்பின் பழைய கணக்குப் புத்தகத்தில் தினம் 5 கணக்கு போடச் சொல்லலாம். அதுவும் போரடித்தால் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. தக்காளி கிலோ 60 ரூபாய்னா முக்கால் கிலோ எவ்வளவு? 45 ரூபாய்னு கடைக்காரர் சொல்றதுக்கு முன்னாடி பிள்ளை சொல்லுதான்னு பாருங்க. கால்குலேட்டர் வேண்டாம்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடா, பிள்ளை பாட்டி வீட்டுல இருக்கா? இன்னும் நல்லது. பல்லாங்குழியில் காய்களை எண்ணிப் போடுவதும், எந்தக் குழியில் ஆரம்பித்தால் எங்கே முடியும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதும் மனக்கணக்குதான். தாயமும் அப்படியே. எந்தக் காயை எத்தனை கட்டம் நகர்த்தினால் வெட்டலாம் என்று பிள்ளைகள் போடும் கணக்கு, டியூஷனில் கூட நடக்காது.

வாசிப்புக்கு, தினம் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பக்கத்தில் 5 சொற்களுக்கு மேல் திணறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கஷ்டம், எளிதானதைக் கொடுங்கள். அருகில் உள்ள கிளை நூலகம், துளிர் போன்ற சிறுவர் இதழ்கள் உதவும். போனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. ஆங்கில வழியில் படித்து, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

எழுத்துக்கு, அன்றைக்கு நடந்ததை 5 வரி எழுதச் சொன்னால் போதும். ர, ற குழப்பம், ல, ள, ழ குழப்பம் எல்லாம் இதில் வெளியே வரும். எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள், மறுநாள் நோட்டை எடுக்கவே மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையைப் பேசினால் போதும்.

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தூங்கும் நேரத்தை தினம் கால் மணி நேரமாவது முன்னால் கொண்டுவாருங்கள். நள்ளிரவு வரை டிவி பார்த்த பிள்ளையை முதல் நாள் காலை 6 மணிக்கு எழுப்புவது யாருக்குமே நடக்காத காரியம்.