மார்த்தாண்டவர்மாவும் ஒரு மௌனப்படமும்

செங்கிஸ்கான் தெமூஜினாக இருந்த காலத்தை ருஷ்ய இயக்குநர் செர்கெய் பொத்ரோவ் 2007-ல் 'மங்கோல்' என்று படமாக்கினார். கழுத்தில் மரப்பூட்டோடு அடைபட்டுக் கிடந்தவன், தப்பி ஒளிந்து, 1206-ல் பேரரசனாகிறான். படத்தைப் பார்த்தபோது, "இது நம்ம அம்மச்சிப் பிலாவு கதையில்லா!" என்றுதான் எனக்குத் தோன்றியது.

வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. பிறர்க்காகச் சொல்கிறேன். எட்டுவீட்டில் பிள்ளைமார் ஆட்கள் துரத்த, இளவரசர் மார்த்தாண்டவர்மா நெய்யாற்றின்கரையில் ஒரு பிலாவின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். அந்தப் பட்டமரம் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஒளிந்தவர் 1729-ல் அரசரானார். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார். 1750-ல் நாட்டையே பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானம் செய்தார்.

இந்த எழுச்சியைச் சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் 'மார்த்தாண்டவர்மா' என மலையாள நாவலாக்கினார். அதைப் படமாக்கியவர் நம்ம நாகர்கோவில்காரர், ஆர். சுந்தர்ராஜ். 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியலின் உறவினர். பி.வி. ராவ் இயக்கிய அந்த மௌனப்படம் 1933-ல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையேறியது. நாவலின் பதிப்புரிமை கமலாலயா புத்தகக் கடையிடம் இருந்தது. வழக்கு வந்தது, படச்சுருள் பறிமுதலாயிற்று, போட்ட பணம் போயே போச்சு. ஆனால் முடக்கிய வழக்கே படத்தைக் காப்பாற்றியும் விட்டது. கடையில் கிடந்த சுருள் 1974-ல் பூனா தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டேனியலின் படத்துக்கோ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

எனக்குள்ள குறை வேறே. நாவலிலும் படத்திலும் பத்மநாபன் தம்பி கெட்டவன். முந்திய அரசர் ராமவர்மாவின் மகன் அவர். மருமக்கத்தாய முறைப்படி ஆட்சி மருமகனுக்கு, மகனுக்கு ஒன்றுமில்லை. தம்பிமார் எதிர்த்தார்கள், நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். ஆனால் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டான தம்பிமார் கதையில் நியாயம் தம்பிமார் பக்கம். தங்கையை அரசர் பெண் கேட்டதில்தான் பகை மூண்டது என்று அது பாடுகிறது. அதை அப்படியே சரித்திரமாக எடுக்க முடியாதுதான். நாவலையும் அப்படி எடுக்க முடியாதே!

வென்றவரைப் பாடுகிற மங்கோலியரின் 'இரகசிய வரலாறு'கூட, தெமூஜின் தன் மாற்றாந்தாய் மகன் பெக்தெரைக் கொன்றதையும், பெற்ற தாய் அவனை ஏசியதையும் மறைக்காமல் வைத்திருக்கிறது. வில்லுப்பாட்டு முழங்கும் ஊரிலிருந்து போன சுந்தர்ராஜ், தம்பிமார் துக்கத்துக்கு ஒரு காட்சி கொடுத்திருக்கலாம். நாவலை மீற அவருக்குத் துணிச்சல் வரவில்லையோ, பார்வையாளர் திருவனந்தபுரத்தார் என்று எண்ணினாரோ!

இன்னொன்றும் மறந்துபோகிறோம். பிள்ளைமாரை அடக்க 1726-ல் ராமவர்மா பணம் கொடுத்து வாங்கிய படை மதுரை நாயக்கருடையது. அரசரைத் தாங்கியதிலும் எதிர்த்ததிலும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள்.

1956 நவம்பர் 1-ல் எல்லை கிழித்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பிலாவு இந்தப் பக்கம், வில்லுப்பாட்டு அந்தப் பக்கம். எங்க ஊருப் பிள்ளைகள் நாவலை மலையாளத்தில் படிக்கிறார்கள். தம்பிமார் கதையைக் கேட்க வேண்டுமானால் செக்போஸ்ட் தாண்டிக் கொடைக்குப் போக வேண்டும்.