துவர்ப்பும் புரதமும்

தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கையாள்வது அவற்றிலுள்ள துவர்ப்பொருள் கருதியே. டானின் எனப்படும் அதன் பெரிய மூலக்கூறுகள் தோற்புரதத்தோடு இறுகப் பிணைந்து, தோல் அழுகாவண்ணம் காக்கின்றன. 1803ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹம்பிரி டேவி, இந்தியக் காசுக்கட்டியை ஆராய்ந்து, அதில் இப்பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்.

இப்பிணைப்பு கால்நடைத் தீவனத்துக்கும் பயன்படலாயிற்று. அசைபோடும் விலங்குகள் தின்னும் புரதத்திற் பெரும்பகுதியை முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது போக, எஞ்சியது யூரியாவாகிச் சிறுநீரிற் கழிகிறது. விலைகொடுத்து வாங்கிய புரதம் வீணாகிறது.

1967இல் ஆஸ்திரேலியாவில் பெர்குசன் குழுவினர், பதனிடுதலிலும் பயன்படும் ஃபார்மால்டிஹைடைக் கொண்டு பாற்புரதத்தைப் பக்குவப்படுத்திச் செம்மறிகளுக்கு அளித்தனர். கம்பளி வளர்ச்சி மிகுந்தது. துவர்ப்பொருளின் நுட்பத்தை 1977இல் ஜோன்ஸ், மாங்கன் இருவரும் விளக்கினர். முதல் இரைப்பையில் பிணைப்பு நிலைக்கும். நான்காம் இரைப்பையின் கடும் அமிலத்தில் அவிழும். அதன்பின் புரதம் செரித்து உடலிற் சேரும்.

துவர் அளவு மீறினால் விலங்கு தின்பது குறையும், செரிமானமும் கெடும். தோலுக்கு இறுகிய பிணைப்பு நன்று. தீவனத்துக்கோ உரிய இடத்தில் அவிழும் பிணைப்பே நன்று.