அரசு முத்திரை இல்லாத ஸனது: வேலூர் – ஆம்பூர் அரபிக் கல்லூரிகளின் தகுதியை முடிவுசெய்தவர்கள்

கர்நாடக நவாப் குலாம் கவுஸ் கான் காலத்தில், 1849இல், சென்னையில் மதரஸா-இ-ஆஸம் தொடங்கப்பட்டது. 1855இல் நவாப் பட்டம் ஒழிந்தது. 1859இல் மதரஸாவை ஆங்கில அரசு எடுத்துக்கொண்டது. ஆட்சியின் ஆதரவோடு பிறந்த அந்த நிறுவனம் நாளடைவில் அரசுப் பள்ளிகளுள் ஒன்றாகிவிட்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் எந்த அரசிடமும் அனுமதியோ மானியமோ கேட்காமல் வளர்த்த அல்-பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், தென்னிந்திய ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) தாய்க் கல்லூரியானது. ஆதரவு இருந்தது கரைந்துபோக, இல்லாதது நிலைபெற்றது எப்படி? அரசு அங்கீகாரம் என்ற ஒற்றை அளவுகோலால் இதற்கு விடை காண முடியாது. இங்கே தகுதியை அளந்தவர்கள் வேறு.

முதல் அளவுகோல் ஆசிரியர் வழி. லக்னோவின் ஃபிரங்கி மஹலைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டமே 'தர்ஸே நிஜாமி'. அவருடைய மகன் அப்துல் அலி பஹ்ருல் உலூம், நவாப் வாலாஜாவின் அழைப்பில் சென்னைக்கு வந்து, 1810இல் இங்கேயே காலமானார். வடக்கின் கல்வி மரபு தெற்கே வேர்விட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத்தோ மக்காவில் ரஹ்மத்துல்லாஹ் கைரானவியிடம் ஓதியவர். இன்ன கிதாபை இன்னாரிடம் ஓதினேன், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று பின்னோக்கிச் செல்லும் சங்கிலிதான் இம்மரபில் தகுதிச் சான்று. கட்டடமோ பதிவு எண்ணோ அதில் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது அளவுகோல் ஊர் ஜமாஅத். பள்ளிவாசலுக்கு இமாம் தேடும் முத்தவல்லி முதலில் கேட்பது "எங்கே ஓதினீர்கள்?" என்பதுதான். அதற்கு விடையாகப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டவை ஓதிய கல்லூரியைக் காட்டும் பாகவி, உமரி, லதீஃபி என்ற பின்னொட்டுகள். குர்ஆனைத் தமிழாக்கிய ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியை அந்தப் பெயரோடுதான் தமிழ் முஸ்லிம்கள் அறிவார்கள். கேரளத்தின் சமஸ்த என்ற உலமா அமைப்பின் தலைமையிலும் பாகவிகள் பலர். அங்கே பட்டிக்காடு என்ற ஊரில் ஜாமிஆ நூரிய்யா கல்லூரி எழும்வரை, உயர்கல்வி நாடிய மலையாள மாணவர்கள் பெரிதும் வேலூருக்கே வந்தார்கள். தொழுகையில் பிழையாக ஓதினாலோ, வாரிசுப் பங்கைத் தவறாகப் பிரித்துச் சொன்னாலோ இமாமின் பெயரோடு அவர் ஓதிய இடத்தின் பெயரும் கெடும். ஆய்வுக் குழு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பதைவிட இது கடுமையான சோதனை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது சமயப் பணி என்ற ஒரே துறைக்குள் மட்டும் நடக்கும் சோதனை என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, கல்லூரிகளுக்குப் பணம் தந்த தோல் வணிகம். 1866இல் தொடங்கிய தேவ்பந்து தாருல் உலூமின் நிறுவனர் நானூத்தவி, அரசின் பங்கேற்பையும் செல்வந்தரின் பங்கேற்பையும் ஒருசேர ஐயத்தோடு பார்த்தவர். எளிய மக்களின் நன்கொடையையே விரும்பினார். ஆம்பூர் வட்டாரம் அந்த அறிவுரையில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. அரசை விலக்கியது; செல்வந்தரை அல்ல. 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமைத் தொடங்கியவர் ஆம்பூர்த் தோல் வணிகர் காகா முஹம்மது உமர். உமராபாத் என்ற ஊரே அவர் பெயரால் அமைந்தது. மத்ஹபு (சட்டப் பிரிவு) பிணக்குகளுக்கு அப்பாற்பட்ட கல்வி என்பது அதன் நோக்கம்.

அந்த வணிகர்கள் அரசு அங்கீகாரத்தின் விலை அறியாதவர்கள் அல்லர். 1919இலேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி வந்துவிட்டது. வேலைக்கும் பட்டத்துக்கும் பல்கலைக்கழகம், மார்க்கத்துக்கு ஸனது என்னும் மதரஸாச் சான்று என்று இரண்டு பாதைகளை இந்த வட்டாரம் தெரிந்தே பிரித்துவைத்தது. பள்ளிக்கூடத்தில் அரபி முன்ஷி (ஆசிரியர்) வேலை வேண்டியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வு இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமாயிற்று.

சுதந்திர இந்தியா இந்தப் பாகுபாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், பட்டம் வழங்கும் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியதாக்கியது. கிறித்தவ இறையியலுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. டென்மார்க் மன்னரின் 1827ஆம் ஆண்டுச் சாசனமும் 1918ஆம் ஆண்டு வங்கச் சட்டமும் செராம்பூர்க் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை தந்திருந்தன. பல சபைகளின் இறையியல் கல்லூரிகள் அக்கல்லூரியின் செனட் நடத்தும் ஒரே தேர்வுக்குள் வந்தன. இந்த வட்டார மதரஸாக்களிடம் அப்படி ஒரு பொதுத் தேர்வு அவை உருவாகவில்லை. கற்பித்தவரே வினாத்தாளும் எழுதி மதிப்பெண்ணும் இடுவது இம்மரபின் உண்மையான பலவீனம். முத்திரை இல்லாததைவிட இதுவே பெரிய குறை என்பது என் கருத்து.

2012இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச மதரஸாக் கல்வி வாரியச் சட்டத்தையே செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: கல்வித் தரத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், சட்டம் செல்லும்; ஆனால் காமில், ஃபாஸில் என்ற உயர்பட்டங்களை வாரியம் வழங்குவது மானியக் குழுச் சட்டத்தோடு மோதுவதால் செல்லாது. தமிழ்நாட்டில் மதரஸா வாரியமே இல்லை. ஆகவே இத்தீர்ப்பு உமராபாத்தை நேரடியாகத் தொடவில்லை. இருந்தாலும் அது வரைந்த கோடு, தோல் வணிகர்கள் நூறாண்டுக்கு முன் தாங்களாகவே வரைந்துகொண்ட கோட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது.

இந்தப் பழைய ஏற்பாடு சரியாகப் பொருந்தாத இடம் ஒன்று உண்டு: பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாக்கள். அங்கே ஓதி முடிக்கும் ஆலிமாவை இமாமாக அமர்த்தும் வழக்கம் இல்லை, எனவே "எங்கே ஓதினீர்கள்?" என்று எடைபோடும் முத்தவல்லியும் அவருக்கு இல்லை. அவர் பெரும்பாலும் கற்பிக்கப்போவது மற்றொரு நிஸ்வானிலோ, குழந்தைகளுக்கான காலை மக்தபிலோதான். ஊரின் சோதனையும் அரசின் தேர்வும் எட்டாத அந்த இடைவெளியில், ஸனதோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் கையில் கிடைக்க நிர்வாகம் வழிசெய்திருக்கிறதா என்பதைத்தான் ஒரு நிஸ்வானின் தகுதியை எடைபோடுபவர் முதலில் விசாரிக்க வேண்டும்.