அப்பாக்களின் கதை, அம்மாக்களின் மொழி

போன வருஷம் மொபைலில் ஒரு ஆப் வழியாகச் சும்மா சுவாஹிலி படிக்க ஆரம்பித்தேன். முதல் வாரத்திலேயே 'கிதாபு' வந்தது. புத்தகம். அட, இது தெரிஞ்ச அரபிச் சொல்லாச்சே என்று நினைத்தேன். அடுத்த பாடத்தில் பன்மை. அரபியில் அது 'குதுப்'. சுவாஹிலியில் 'விதாபு' என்று போட்டிருந்தது.

முதலில் குழப்பமாக இருந்தது. தேடிப் பார்த்ததில் லாஜிக் புரிந்தது. சுவாஹிலி பாண்ட்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மொழிகளில் பெயர்ச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்திருக்கும், சொல்லின் முன்னொட்டுதான் வகுப்பைக் காட்டும். ஒரு வகுப்பில் ஒருமைக்குக் 'கி', பன்மைக்கு 'வி'. ஒரு கத்தி 'கிசு', பல கத்திகள் 'விசு'. அரபிச் சொல்லின் தொடக்கத்தில் தற்செயலாகக் 'கி' இருந்தது. கடற்கரை மக்கள் அதையும் தங்கள் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு 'வி' போட்டுவிட்டார்கள். புரோகிராமர் பாஷையில் சொன்னால், டேட்டா வெளியிலிருந்து வந்தது, ஓடியது சொந்த இன்ஜினில்.

'சுவாஹிலி' என்ற பெயரே கடற்கரைகள் என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான். இந்தக் கடற்கரையின் வரலாற்றை வாசிக்க வாசிக்க, ஒரு பெரிய சண்டைக்கான பதில் அந்த 'விதாபு'வில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. சண்டை இதுதான்: கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இருக்கும் அந்தக் கல் நகரங்களைக் கட்டியது யார்?

அவற்றில் பெரிய பெயர் கில்வா. இன்றைய தான்சானியாவின் தென்கரையை ஒட்டிய சின்னத் தீவு. 1331-இல் அங்கே போன இபின் பதூதா, உலகின் அழகான நகரங்களில் ஒன்று என்று எழுதினார். பவளப்பாறையை வெட்டி எடுத்து, அதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கட்டிய நகரம் அது. பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிய பெரிய மசூதி, பின்னால் கவிமாடங்களும் வளைவுகளுமாக விரிந்தது. 'ஹுசுனி குப்வா' என்ற அரண்மனையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள், எட்டு மூலைக் குளம்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தும் தங்கத்திலிருந்தும். வடகிழக்குப் பருவக்காற்றுக்கு அங்கே 'காஸ்காசி' என்று பெயர், தென்மேற்குக் காற்று 'கூசி'. காஸ்காசியில் அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறங்கி வரும் கப்பல், கூசியில் ஊர் திரும்ப வேண்டும். ஒரே பருவத்தில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குக் கிட்டத்தட்ட கடைசி எல்லை கில்வா. தங்கமோ அதற்கும் தெற்கே, இன்றைய மொசாம்பிக்கின் சோஃபாலா துறைமுகத்துக்கு ஜிம்பாப்வே பீடபூமியிலிருந்து வந்து சேர்ந்தது. கில்வா சோஃபாலாவைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தது. தங்கமும் தந்தமும் போயின. துணி, கண்ணாடி மணிகள், சீனப் பீங்கான் எல்லாம் வந்தன. கில்வா சுல்தானின் பெயர் பொறித்த காசு ஒன்று உள்நாட்டில் கிரேட் ஜிம்பாப்வேயிலேயே கிடைத்திருக்கிறது.

1505 ஜூலையில் அல்மெய்டாவின் போர்த்துகீசியக் கப்பற்படை வந்து நகரத்தைக் கொள்ளையடித்தது. வியாபாரம் சிதறியது. காலப்போக்கில் மிஞ்சியது இடிபாடுகள். அவற்றைப் பிற்பாடு பார்த்த ஐரோப்பியர்கள், ஆப்பிரிக்கர்கள் இதைக் கட்டியிருக்க முடியாது, அரபிகளோ பாரசீகர்களோதான் கட்டியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். 1960-களில் கில்வாவைத் தோண்டிய நெவில் சிட்டிக்கூட இவற்றை வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் நகரங்களாகவே வாசித்தார். இபின் பதூதா நேரில் பார்த்து, நகர மக்களில் பெரும்பாலோர் முகத்தில் கீறல் குறிகள் கொண்ட கறுப்பர்கள் என்று எழுதிவைத்திருந்தும் இந்த வாசிப்பு நீடித்தது.

இது வெறும் அறிஞர் சண்டை இல்லை. ரொடீஷியாவில் ஆண்ட வெள்ளையர் அரசு, கிரேட் ஜிம்பாப்வேயை ஆப்பிரிக்கர்கள் கட்டினார்கள் என்று சொல்லவிடவில்லை. அப்படிச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. கட்டியவர்கள் வேறு யாரோ என்று நிறுவிவிட்டால், மண்ணை எடுத்துக்கொள்வது சுலபம்.

ஆனால் கடற்கரையின் மேட்டுக்குடியினர் தாங்களே சொல்லிக்கொண்ட கதையும் இதோடு ஒத்துப்போனது. பதினாறாம் நூற்றாண்டில் எழுத்தில் பதிவான கில்வா வரலாற்றின்படி, பாரசீகத்தின் ஷிராஸிலிருந்து ஒரு தந்தையும் ஆறு மகன்களும் ஏழு கப்பல்களில் கிளம்பினார்கள், ஒவ்வொரு கப்பலும் ஓர் இடத்தில் நின்றது. கில்வாவுக்கு வந்தவர், தீவைச் சுற்றிவர எவ்வளவு துணி வேண்டுமோ அவ்வளவு துணியைக் கொடுத்து அதை வாங்கினார். அம்மாக்களுக்கு இந்தக் கதையில் கிட்டத்தட்ட இடமே இல்லை.

1980-களில் கென்யாவின் பாட்டே தீவில் ஷங்கா என்ற ஊரை மார்க் ஹார்ட்டன் தோண்டினார். கல் மசூதிக்கு அடியில் இன்னொரு மசூதி, அதற்கும் அடியில் இன்னொன்று. அடிமட்டத்தில், எட்டாம் நூற்றாண்டு வாக்கில், மரக்கம்புகளை நட்டுக் கட்டிய ஒரு குட்டி மசூதி. கூடவே உள்ளூர்ப் பானை ஓடுகள். யாரும் கப்பலில் கல் நகரத்தைக் கொண்டுவந்து இறக்கவில்லை. ஒரு ஆப்பிரிக்கக் கிராமம், மெல்ல மெல்ல, தலைமுறை தலைமுறையாக நகரமாகியிருக்கிறது. அப்படியானால் ஷிராஸ் கதை? அந்தஸ்துக்காகக் கட்டிய கதை என்று பலரும் ஒதுக்கிவைத்தார்கள்.

2023 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் ஒரு மரபணு ஆய்வு வந்தது. கென்யாவில் பிறந்த தொல்லியலாளர் சாபுருகா குசிம்பாவும் அதில் ஒருவர். கென்யா, தான்சானியா கடற்கரை நகரங்களிலும் அருகிலும் 1250-க்கும் 1800-க்கும் இடையில் வாழ்ந்த 80 பேரின் எலும்புகளைப் படித்தார்கள். பலரிடம் பாதிக்கு மேல் ஆப்பிரிக்க வம்சாவளி, அது பெரும்பாலும் அம்மா வழி. ஆசியப் பங்கும் பெரிதாகவே இருந்தது. அதில் பெரும்பகுதி பாரசீக ஆண்கள் வழி, கொஞ்சம் இந்தியக் கலப்பும் உண்டு. கலப்பு தொடங்கியது கி.பி. 1000 வாக்கில்.

ஆக, ஷிராஸ் கதை முழுப் பொய் இல்லை. அதில் பாதிப் பேரை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அப்பாக்கள் வந்தார்கள், உண்மை. அவர்கள் வருவதற்கு முன்பே ஷங்காவில் ஊர் இருந்தது, மசூதி இருந்தது. வந்தவர்கள் அந்தச் சமூகத்துக்குள் திருமணம் செய்துகொண்டு கலந்தார்கள். பாரசீகமோ அரபியோ அங்கே வீட்டு மொழியாக நிலைக்கவில்லை. குழந்தைகள் பேசியது அம்மாவின் பாண்ட்டு மொழி.

யாருடைய டி.என்.ஏ.வில் எத்தனை சதவீதம் என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டு, 'நீ வெளியூர்க்காரன்' என்று சண்டை போடுகிற காலம் இது. இந்த ஆய்வையும் இரண்டு தரப்பும் தனக்குத் தோதாகக் கத்தரித்துக்கொள்ள முடியும். முழுதாகப் படித்தால் இரண்டு தரப்புக்கும் தொந்தரவுதான்.

வரலாற்றை எழுதி வைத்தவர்கள் அப்பாக்களின் பெயரைப் பத்திரமாக எழுதினார்கள். அம்மாக்கள் எதையும் எழுதி வைக்காமல், பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு புத்தகம் கிதாபு. ரெண்டு இருந்தால் விதாபு.