அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஒரு சிறை

பேய் உண்டா, இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், நேயர்களே. பேய் பார்க்கக் காசு கொடுத்துப் போனவன் நான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அவுஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தஸ்மேனியாத் தீவில், ஹோபாட் நகரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது போட் ஆதர். பிரித்தானியர் அமைத்த பழைய கைதிகள் குடியேற்றம். பகலில் புல்வெளியும் பெருமரங்களும் அமைதியான குடாக்கடலுமாக, ஓவியர்கள் விரும்பும் இடம். பொழுதுபட்டதும் 'பேய்ச் சுற்றுலா' தொடங்கும். நாங்கள் இருபது பேரளவில் சேர்ந்தோம். மூவர் கையில் அரிக்கன் லாம்பு. வழிகாட்டியின் பின்னே நடந்தோம்.

முதலில் தேவாலயம். 1830களில் கைதிகள் கட்டியது. 1884இல் தீயில் எரிந்து, இன்று வானமே அதன் கூரை. அடுத்தது பாதிரியார் இல்லம். 1870இல் இறந்த பாதிரியார் அங்கே இன்றும் உலாவுகிறாராம். வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். ஒரு பெண் வீரிட்டாள். எல்லோரும் சிரித்தோம். இதுவரை விளையாட்டுத்தான்.

பிறகு தனிமைச் சிறைக்குள் நுழைந்தோம். அங்கே என் சிரிப்பு நின்றுவிட்டது.

போட் ஆதர் 1830இல் மரம் வெட்டும் முகாமாகத் தொடங்கியது. நாடு கடத்தப்பட்டு வந்தவர்களுள் மீண்டும் குற்றம் செய்தவர்களை இங்கே அனுப்பினார்கள். ஆரம்பத்தில் கசையடிதான் தண்டனை. 1840களின் இறுதியில் புதிய எண்ணம் வந்தது. உடலை அடித்தால் மனிதன் முரடனாகிறான். மனத்தைத் தனிமையில் விட்டால் திருந்துவான் என்றார்கள். 1842இல் திறந்த லண்டன் பென்டன்வில் சிறையைப் பின்பற்றி இந்தக் கட்டடம் எழுந்தது.

இங்கே கைதிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். நாளில் ஏறக்குறைய இருபத்துமூன்று மணி நேரம் தனி அறை. வெளியே வரும்போது முகத்தை மூடும் துணி. காவலர்கள் காலடி கேளாதபடி மெத்தென்ற பாதணி அணிந்து, கைச்சாடையால் பேசிக்கொண்டார்கள். சிறைக்குள்ளிருந்த ஆலயத்திலும் ஒருவரையொருவர் பாராதபடி ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கூண்டு. பாடல் பாடும்போதுதான் அவர்கள் வாய்திறந்து குரலெழுப்பலாம். அடங்காதவனுக்கு ஒளியும் ஒலியும் புகாத இருட்டறை. அதற்குள் லாம்பில்லாமல் ஒரு நிமிடம் நின்றேன். பேய் வரவில்லை. என் மூச்சுச் சத்தமே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

1868இல் இந்தச் சிறைக்குப் பக்கத்திலேயே மனநோயாளர் விடுதி ஒன்றைக் கட்டவேண்டி வந்தது. திருத்த நினைத்தவர்கள் எதைச் செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1870இல் இங்கே வந்து பார்த்த மார்கஸ் கிளார்க், கைதிகளின் துயரைத் தொடர்கதையாக எழுதினார். 1874இல் அது நாவலாக வெளிவந்தது. 1877இல் சிறை மூடப்பட்டதும் வேடிக்கை பார்ப்போர் படையெடுத்தார்கள். முன்னாள் கைதிகள் சிலரே வழிகாட்டிகளானார்கள். வெட்கத்தை மறைக்க ஊருக்குக் கார்னர்வன் என்று பெயர் மாற்றியும் பயனில்லை. 1927இல் பழைய பெயரே திரும்பி வந்தது.

மறுநாட் காலை தனியாக நடந்தபோது ஒரு நினைவுத் தோட்டத்தைக் கண்டேன். 1996 ஏப்ரல் 28இல் துப்பாக்கி ஏந்திய ஒருவன் இங்கும் சுற்றுவட்டாரத்திலும் 35 பேரைக் கொன்றான். இருபது பேர் மாண்ட உணவகத்தின் வெறும் சுவர்களும், அருகே அசையாத நீர்த்தடாகமும் மட்டும் இருக்கின்றன. முதல்நாள் இரவு வழிகாட்டி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றே பட்டது. அவர்களுக்காக அழ மனிதர் இருக்கிறார்கள். சிலுவை மரத்தில் அவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

எதிரே கடலில் 'இறந்தோர் தீவு' தெரிந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே புதைக்கப்பட்டார்கள். அதிகாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கல்வெட்டு; கைதிகளில் பெரும்பாலோருக்கு வெறும் மண். அழ ஆளில்லாதவர்களைத்தான் நாம் பேயாக்கி, காசு கொடுத்துப் பார்க்கிறோம் போலும்.

ஆனால் அவர்களும் பெயரற்றவர்கள் அல்லர். கைதியின் பெயர், ஊர், தொழில், உயரம், கண்ணின் நிறம், உடலில் குத்திய பச்சை வரை அன்றைய எழுத்தர்கள் குறித்துவைத்தார்கள். அந்தப் பதிவேடுகளை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டில் சேர்த்தது. எண்ணாக்கப்பட்டவன் அங்கே ஒரு தச்சனாக, சப்பாத்துத் தைப்பவனாக, ஒரு தாய்க்கு மகனாகத் திரும்பி வருகிறான்.

இன்னொருமுறை தஸ்மேனியா போக வாய்த்தால், லாம்பு தூக்கமாட்டேன். அந்த ஏடுகளைப் புரட்டப் போவேன்.