கயிறு யார் கையில்?

1/ உங்க உயிரை ஒரு கயித்துல கட்டி, அதோட மறுமுனையை ஒருத்தர் கையில கொடுக்கணும். யார்கிட்ட கொடுப்பீங்க? அப்பா? அண்ணன்? நண்பன்?

தூத்துக்குடி கடற்கரையில இதுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க: மச்சான். மனைவியோட கூடப் பிறந்தவன். கயிறு நழுவினா தாலி அறுறது அவனோட சொந்த அக்கா தங்கச்சிக்கு ஆச்சே!

2/ எல்லாத் தோணியிலும் மச்சானே கயிறு பிடிச்சார்னு சொல்லிட முடியாது. கூலிக்கு வந்தவங்களும் பிடிச்சாங்க. ஆனா இந்தப் பேச்சுக்குள்ள ஒரு மருத்துவ உண்மை இருக்கு. விமானத் துறை அதைக் கத்துக்க நூத்துக்கணக்கான உயிர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3/ முதல்ல முத்துக்குளிப்பு எப்படி நடந்ததுன்னு பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் அடியில் இருக்கும் பாறைத் திட்டுகளுக்கு 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பி வளர்வது அங்கேதான். இரவில் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பும் தோணிகள் விடியும்போது பாருக்கு மேல் நிற்கும். தோணிக்குத் தலைவர் தண்டல். பரதவர்களும், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களும் குளியாட்கள்.

4/ கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரே மூச்சில் குளியாள் இறங்குவார். அடியில் சுமார் ஒரு நிமிடம். சிப்பிகளை வலைப்பையில் அள்ளிவிட்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். அந்த அசைவு தண்டலுக்குப் போய், அவர் யோசித்து, உத்தரவு போட்டு வருவதில்லை. நேராகக் கயிறு பிடித்தவர் கைக்கு வரும். இதை மனசுல வச்சுக்கோங்க.

5/ இப்போ டாக்டரா பேசுறேன். மூச்சை அடக்கும்போது 'போதும், மூச்சு விடு' என்று உடம்பு தவிப்பது முக்கியமாக கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால்தான். ஆக்சிஜன் குறைவதற்குப் பெரிய எச்சரிக்கை மணி கிடையாது. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கியிருந்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, அந்தத் தவிப்பும் தாமதமாகும்.

6/ இன்னொரு ஆபத்து மேலே வரும்போது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஏற ஏற அழுத்தம் குறையும், நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சேர்ந்து சரியும். நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நினைவு போய்விடலாம். மயங்கப் போகிறவருக்கு 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்றே தோன்றும். மயங்கியவர் கயிற்றை அசைக்க மாட்டார். மேலே இருக்கிறவரோட கவனம்தான் அவரோட உயிர்.

7/ மூளை செய்யும் எல்லாத் தவறுக்கும் இது பொருந்தும். தப்பு செய்யும் நொடியில் அது சரி என்றுதான் தோன்றும். அனுபவம் கூடக்கூட இந்த நம்பிக்கையும் கூடும்.

1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, ஓடுபாதையில் மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். அனுமதி கிடைக்காமலே புறப்பட ஆரம்பித்தார். எதிரே இன்னொரு விமானம் இன்னும் விலகலையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிடுச்சு என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது. 583 பேர் இறந்தார்கள்.

8/ 1979-ல் நாசா ஒரு பயிலரங்கம் நடத்தியது. இயந்திரக் கோளாறை விட, காக்பிட்டில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாததும் கேட்காததும் பல விபத்துகளுக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்'. கீழே இருப்பவர் தயங்காமல் சொல்லவும், மேலே இருப்பவர் காது கொடுக்கவும் பயிற்சி.

9/ பயிற்சி வந்துட்டா போதுமா? 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். பயணத்தில் பெரும்பகுதி நேரம் கேப்டன் தூங்கியிருக்கிறார். இறங்கும்போது விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தது. 'இறங்க வேண்டாம், மேலே போயிடலாம்' என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள்.

10/ விசாரணை அறிக்கையில் ஒரு வரி என்னை உலுக்கியது. துணை விமானி தானே கட்டுப்பாட்டை எடுத்து விமானத்தை மேலே கொண்டுபோகலாமா என்பதில் விதிகள் தெளிவாக இல்லை, அதனால்தான் அவர் சொல்வதோடு நின்றிருக்கலாம் என்றது. புரியுதா? கயிறு அவர் கையில் இருந்தது. இழுக்கும் உரிமை தனக்கு உண்டா என்பது அவருக்குத் தெரியலை.

11/ ஆஸ்பத்திரியும் ஒரு காக்பிட்தான். இளம் டாக்டரா இருந்தப்போ, ஒரு நைட் டியூட்டியில் ஊசி எழுதிக் கொடுத்தேன். 'சார், இவங்களுக்கு இந்த மருந்து அலர்ஜின்னு கேஸ் ஷீட்ல இருக்கே' என்றார் சிஸ்டர். எனக்கு முதல்ல வந்தது கோபம்! நன்றி சொன்னது மறுநாள் காலையில்தான். அவர் அன்னிக்கு பயந்து வாயை மூடியிருந்தா, இன்னிக்கு இந்த இழையை எழுதும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

12/ 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லணும், நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்த இடம் என்று உரக்கச் சரிபார்க்கணும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

13/ தூத்துக்குடியில் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் கல்லும் கயிறும் போச்சு. பாடம் போகலை.

ராத்திரிப் பயணத்தில் டிரைவர் கண் சொருகுதா? 'வண்டியை ஓரம் கட்டுங்கண்ணே' என்று சொல்லுங்க. நர்ஸ் மூன்றாவது தடவை உங்க பெயரைக் கேட்டா எரிச்சல்படாதீங்க. எந்தக் காலில் ஆபரேஷன் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்க.

நீங்க மேலதிகாரியா? உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் இன்னிக்கே சொல்லி வைங்க: 'நான் தப்பு பண்ணா இழு. கேட்டுட்டு இழுக்க வேண்டாம்.'